இந்த ஆவணப்படத்தை என் கணவரோடு அமர்ந்து பார்க்கலாமா?

கேள்வி (செல்லூர் ஓவியர்):
அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கில் குடியேறிய ஜப்பானிய ஓவியத் தம்பதியரான உஷியோ, நொரிகோ ஷினொஹாரா பற்றி 2013இல் வெளியான 'கியூட்டி அண்ட் தி பாக்ஸர்' ஆவணப்படத்தை நேற்றிரவு தனியாகப் பார்த்தேன். குத்துச்சண்டைக் கையுறையைச் சாயத்தில் தோய்த்து, கித்தானில் குத்திக் குத்தி வரைபவர் உஷியோ. 1972இல், 19 வயதில், கலை பயில நியூயார்க் வந்து, அங்கே தம்மைவிட 21 வயது மூத்தவரான அவரைச் சந்தித்த நொரிகோ, மகனை வளர்த்தும், கணவரின் குடியைச் சகித்தும், வாடகைக்குக் கணக்குப் பார்த்தும், தம் தூரிகையைப் பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தார்.

நானும் என் கணவரும் ஓவியர்கள்தான். அவருடைய கித்தானுக்கு நான்தான் வெள்ளை பூசிக் காயவைக்கிறேன். என்னுடையது மூன்று ஆண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. சண்டையில்லாமல் இதைப் பேச அந்தப் படம் உதவுமா, அல்லது குத்திக்காட்டுவதாக அவர் எடுத்துக்கொள்வாரா?

மறுமொழி (திருநகர் வாசகர்):
தாராளமாகப் பாருங்கள். ஆனால் உஷியோவைக் குற்றவாளியாக்கும் படம் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். 80 வயதிலும், விற்காத படைப்புகளுக்கு நடுவே நின்று குத்துகிற அவருடைய பிடிவாதத்தையும் படம் மதிக்கிறது. இரட்டைச்சடைக் கியூட்டியையும் அவள் கணவன் புல்லியையும் வரைந்து நொரிகோ தம் கதையைச் சொல்லும் பகுதி வரும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மறுமொழி (மேலூர்ப் பக்கத்து நாடகக் கலைஞர்):
சகோதரி, ஊர்த் திருவிழாக்களில் இரவெல்லாம் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நான் பபூன், அதாவது கோமாளி. என் மனைவி ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். 'வள்ளி திருமண'த்தில் நாரதரோடு அவர் செய்யும் தர்க்கத்தைக் கேட்க ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அவருக்கு வரும் நாடகத் தேதிகளையும் நானே பேசி, முன்பணத்தையும் நானே வாங்கிவந்தேன். அதை உதவி என்றுதான் மனதார நம்பினேன். ஒருமுறை நோட்டீஸில் அவர் படம் பெரிதாகவும் என் படம் ஓரத்தில் சிறிதாகவும் அச்சாகியிருந்தது. அவரிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் துவைக்கும்போது அது ஊறிய காகிதமாக அவர் கைக்குக் கிடைத்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை; வெயிலில் காயவைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய தேதிகளை அவரே பேசுகிறார். படத்தைப் போடுவதற்கு முன், உங்கள் கித்தானைப் பரணிலிருந்து இறக்கி, உங்கள் கணவர் கண்ணில் படும் இடத்தில் சாய்த்து வையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை இறக்கிவிட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். எதற்கு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன்.