உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்குப் பிறகு சிங்கப்பூரில் எங்கே படிப்பது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன் அப்பா:
மகளுக்குத் தொடக்கக் கல்லூரிக்குப் போகும் அளவுக்குப் புள்ளிகள் இருந்தன. சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போகச் சொன்னார்கள். இரண்டே வருடம், அப்புறம் நேராகப் பல்கலைக்கழகம் என்றார்கள். அவளோ தாதிமை (நர்சிங்) படிக்க நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத்தான் போவேன் என்று நின்றாள். விண்ணப்பத்தில் 12 தெரிவுகள் போடலாம். முதல் தெரிவாக அதைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் வருத்தம்தான்.

முதல் வருடம் ஒரு நாள் என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். "பாட்டி, கால் மேல கால் போடாதீங்க, பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்திலேயே காத்திருந்தாள். அப்புறம்தான் கையில் பட்டையைச் சுற்றினாள். அன்றோடு என் வருத்தம் போய்விட்டது. மூன்று வருட டிப்ளோமா முடித்து, இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டம் படிக்கிறாள். பாலிக்கு, அதாவது பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு, போனால் பல்கலைக்கழகம் கிடைக்காது என்று பயப்படும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தான்:
அண்ணா, ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக என் கதையையும் சொல்கிறேன். திருச்சியில் ஒரு ஏஜென்ட், பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். மூன்றாம் வாரம் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கேட்டேன். முதலாளி என் மாணவர் அனுமதியைக் கைப்பேசியில் காட்டச் சொன்னார். "தம்பி, உன் காலேஜ் பிள்ளைங்க வேலை பார்க்கக் கூடாது. சேர்த்துக்கிட்டா உனக்கும் தண்டனை, எனக்கும் தண்டனை" என்றார். அப்புறம் ஒரு தட்டில் நாலு இட்லி வைத்துக் கொடுத்தார். அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன்.

பல்கலைக்கழகம், பாலி என்று மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள இடங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பெரும்பாலான தனியார் கல்லூரிகள் அதில் இல்லை. தனியார் கல்லூரிகளுக்குத் தரும் எடுடிரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் இருக்கிறதே என்று நம்பினேன். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக் கல்லூரிக்கு அது வேண்டும், அவ்வளவுதான். நம் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் 7 வேலை நாட்களுக்குள் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நான் படிக்கவில்லை. பணம் கட்டும் முன் தயவுசெய்து அந்தப் பட்டியலை நீங்களே பாருங்கள்.

மதுரைக்காரி:
தம்பி, படிக்கவே மனசு கனக்கிறது. நான் பிளஸ் டூ முடித்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தேன். கல்வி அமைச்சின் கட்டண மானியம் எடுத்தால், பட்டம் வாங்கிய பிறகு வெளிநாட்டு மாணவர்கள் 3 வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். குடிமக்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்பதால் அப்பாவும் மாமாவும் நின்றார்கள். மாமா பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "நடுவுல இவ திரும்பி வந்துட்டா?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றேன். "அப்ப நாலும் மூணும் ஏழு வருஷம். தாங்குவியாம்மா?" என்றார். தாங்குவேன் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அந்த 3 வருடம் நல்ல வேலையும் அனுபவமும் தந்தது. ஆனால் ஒற்றைப் பிள்ளை, ஊரில் பெற்றோருக்கு உடம்பு முடியவில்லை என்றால் நன்றாக யோசித்து எடுங்கள். நடுவில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது விடுப்பு நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தது இன்னும் மறக்கவில்லை.

ஈசூன் அப்பா:
கும்பகோணம் தம்பி, இப்போது எங்கே படிக்கிறீர்கள்? நகையை மீட்டாயிற்றா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.