ஏற்காட்டு பல் முகாமுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளர்களுக்கான பல் முகாமுக்கு ஸ்டீல் டங் கிளீனர் (நாக்கு வழிக்கும் கருவி) 150 வேண்டும். சேலத்தில் மொத்த விலைக்குத் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், சீக்கிரம் உடைந்துவிடும்.

வாய் நாற்றம் என்றாலே வயிறுதான் காரணம் என்று பலர் அசிடிட்டி மாத்திரை போடுகிறார்கள். பாவம், காசுதான் வீண். பெரும்பாலும் கோளாறு வாயிலேயே இருக்கிறது. நாக்கின் பின்பகுதியில் மாவு போலப் படியும் வெள்ளைப் படிவில் பாக்டீரியா புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடும். ஸ்பூனால் அங்கே வழித்து, சில நொடி கழித்து முகர்ந்தால் தெரிந்துவிடும். டங் கிளீனரால் பின்னாலிருந்து முன்னால் நான்கைந்து முறை மெதுவாக வழித்தால் போதும். அழுத்திச் சுரண்டினால் புண்ணாகும்.

ஈறில் ரத்தம் கசிந்தால் நாக்கை வழிப்பது மட்டும் போதாது, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் மலைக்கு வரக்கூடிய பல் மருத்துவர் இருவர் தேவை.

மவுத்வாஷ் தர நினைப்பவர்கள் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) மவுத்வாஷ் வாங்கித் தரலாம். ஒரு வேளைக்கு 10 மி.லி. வீதம், இரண்டு வாரம்தான். அதற்குமேல் போனால் பல்லில் கறை பிடிக்கும். பேஸ்ட்டால் துலக்கி அரை மணி கழித்தே கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தை முடக்கிவிடும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர யாராவது முன்வருவீர்களா?