வடாம் போட எழுந்த பாட்டி: உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது உண்டா?

கும்பகோணத்துப் பேரன்

போன வருஷம் கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். பாட்டிக்கு 83. முழங்கால் வலி. நாங்கள் இருப்பது இரண்டாம் தளம், மொட்டை மாடிச் சாவி அசோசியேஷன் செயலாளரிடம். அதனால் இந்த வருஷம் வடாம் வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டோம். பாட்டி சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் சமையலறையில் விளக்கு எரிகிறது. பாட்டி ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூழ் கிளறிக்கொண்டிருக்கிறார். அரை ஆழாக்கு அரிசிதான் இருக்கும். கும்பகோணத்து வீட்டில் நாலு படி போட்ட கை அது. பச்சைமிளகாயும் பெருங்காயமும் கூடம் வரைக்கும் மணக்கிறது. என்னைப் பார்த்ததும் கரண்டியை விட்டுவிட்டார். “உன்னை எழுப்பலாம்னுதான் வந்தேன். நன்னா தூங்கிண்டிருந்தே” என்றார். ஒரு உருண்டைக் கூழை எடுத்து, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டு, என் உள்ளங்கையில் வைத்தார். சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றித் தின்றேன். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதுதான் இன்னும் உறுத்துகிறது. கூட நிற்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் பால்கனியில் பழைய வேட்டித் துண்டில் முப்பது, முப்பத்தைந்து வடாம். அச்சை அழுத்த வலு இல்லை, விரலால் கிள்ளிக் கிள்ளி வைத்திருந்தார். துணி காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் பூஜை அறை டம்ளர்கள்.

தாமிரபரணிக்காரி

எங்கள் ஆச்சிக்குக் கோடை என்றால் பதநீர்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கம். பனை ஓலையைப் பட்டையாக மடித்து, நுங்கைச் சீவிப் போட்டு, மேலே பதநீர் ஊற்றித் தருவார்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குனிந்து குடிக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உடம்பெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிடும். குடித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு வருஷம் ஆச்சிக்கு முகங்கள் மறந்துபோயின. 2022 மே மாதம், திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் பட்டைக்கு அடியில் கையைக் குவித்து ஏந்தினாள். “ஏளா, பாவாடையில சிந்தாம குடி. அய்யா பாத்தா வைவாரு.” நான் அன்றைக்குச் சுடிதார் போட்டிருந்தேன். அவள் சொன்ன அய்யா, அம்மா பிறப்பதற்கு முன்பே இறந்தவர். என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்துவிட்டாள் என்று புரிந்தது. “சரிக்கா” என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். மிச்ச பதநீரைத் தானே வாங்கிக் குடித்தாள்.

அம்மாவுக்கு அன்று முழுக்க என்மேல் கோபம். உண்மையைச் சொல்லி நினைவுபடுத்தியிருக்க வேண்டும் என்றாள். இன்றைக்கு அதே திண்ணையில் அதே கேள்வி வந்தாலும் நான் சரிக்கா என்றுதான் சொல்வேன்.

அரிசிக்கூழ்

கும்பகோணத்துப் பேரன், உங்கள் பாட்டி செய்ததில் குறை சொல்லவில்லை. ஆனால் பால்கனியில் வடாம் என்பதை யாரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பாதி நாள் நிழல் விழுகிற இடத்தில் உள்ளே ஈரம் நின்றுவிடும், ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். தெரிந்தவரை சொல்கிறேன். பழைய பச்சரிசியாக எடுங்கள். படிக்கு ஒரு ஆழாக்கு ஜவ்வரிசி சேர்த்தால் பொரியும்போது நன்றாக மலரும். கூழில் உப்பு உங்கள் நாக்குக்குச் சரியாக இருந்தால் அது அதிகம் என்று அர்த்தம், காய்ந்ததும் உப்பு தூக்கிக் காட்டும். ஒரு கை குறைத்தே போடுங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். கூழ் வெந்ததா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட வேண்டும். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்துவிட வேண்டும், ஆறின கூழ் அச்சில் இறங்காது. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் தானே கழன்று வரும், பிய்த்து எடுக்காதீர்கள். அப்புறம் தாம்பாளத்தில் இரண்டு மூன்று நாள், ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை.

என் கதை சின்னது. ஒன்பது வயதில் காக்காய் காவலுக்கு உட்கார வைத்தார்கள், கறுப்புக் குடையோடு. மத்தியானம் பாதி காய்ந்த வடாம் இருக்கிறதே, மேலே மொறுமொறுப்பு, உள்ளே கொழகொழ, அதைத் தின்று ஒரு வரிசையையே காலி பண்ணிவிட்டேன். பாட்டி ஏறி வந்து பார்த்தாள். கீழே அம்மா வரும் காலடிச் சத்தம். பாட்டி சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து மற்ற வரிசைகளிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி அந்த இடத்தை நிரப்பினாள். அம்மா வந்தபோது என் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வைகைக்கரை

எங்கள் அப்பத்தா ஒரு வருஷமும் விடாமல் அழகரை எதிர்கொண்டு அழைக்கப் போகிறவள். மூன்றுமாவடியில் எதிர்சேவை, விடிய விடிய அங்கேயே உட்கார்ந்துவிட்டு, காலையில் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு. சர்க்கரைச் செம்பு எடுத்துப் போவாள். செம்பு நிறையச் சர்க்கரை, வாயை வாழை இலையால் மூடி, மேலே சூடம்.

2020-இல் ஊரடங்கு. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அப்பத்தாவுக்குச் சொன்னோம், கேட்டுக்கொண்டாள். ஆனால் சித்ரா பௌர்ணமி அன்று விடியலில் குளித்துவிட்டுப் புதுச்சேலை கட்டி, செம்பில் சர்க்கரை நிரப்பி, சூடம் ஏற்றி, வாசலில் அழகர்கோவில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். தெருவில் ஒரு ஆள் கிடையாது. சூடம் அணைகிறவரை நின்றுவிட்டு என்னிடம் கேட்டாள்: “என்ன பட்டுடா கட்டியிருக்காரு?”

எனக்கு எப்படித் தெரியும். “பச்சை, அப்பத்தா” என்றேன். “அப்ப இந்த வருஷம் வெள்ளாமை உண்டு” என்று செம்பைத் திறந்து ஒரு பிடி சர்க்கரையை என் வாயில் போட்டாள். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குச் சொம்போடு கொடுத்தனுப்பினாள். சாமி விஷயத்தில் பொய் சொன்னோமே என்று இன்றுவரை மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அப்பத்தா இருக்கும்வரை அவளிடம் சொல்லவும் இல்லை.

ஈரோட்டுப் பேத்தி

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரிசிக்கூழ், இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைக்க எழுதினீர்களே, அங்கே நின்று திருப்பிப் போடப்போவது யார் என்று யோசித்தீர்களா? எங்கள் அம்மாயி பங்குனிக் கடைசியில் களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தவர், உச்சி வெயிலில் அப்படியே சாய்ந்துவிட்டார். நானும் தம்பியும் ஓடினோம். ஈரத்துண்டால் துடைத்து, வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போனோம். கை மட்டும் இறுக மூடியே இருந்தது. தம்பி விரலைப் பிரித்தான். உள்ளே புளியங்கொட்டை. காலையில் பல்லாங்குழிக்குக் கொட்டை போதவில்லை என்று நாங்கள் சிணுங்கியிருந்தோம்.

பிழைத்துக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன். வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைந்துவிடும், தண்ணீர் வேண்டும் என்று உடம்பு சொல்லாது. கேட்காமலே மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் கையில் கொடுங்கள். நீர்மோர், பானகம், நன்னாரி எதுவானாலும் சரி. சர்க்கரை நோய் இருந்தால் பானகம், சர்க்கரை போட்ட நன்னாரி இரண்டும் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் என்றால் கோடை தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து மூன்றுவரை மாடி வேண்டாம். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து ஆள் தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஈரத்துணி சுற்றி விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரி. பாட்டியை ஆசைப்பட்ட வேலையைச் செய்ய விடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாடிக்கு ஏறி இறங்குகிற கால் உங்களுடையதாக இருக்கட்டும்.

வடமராட்சி

உங்களுக்குச் சித்திரை மாதிரி, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆவணி. பனம்பழம் விழுகிற காலம். அம்மம்மா பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் ஊற்றிக் காயவிட்டு, அதுக்கு மேல் திரும்பத் திரும்ப ஊற்றிப் பனாட்டு போடுவா. கையெல்லாம் மஞ்சள், கழுவினாலும் வாசம் போகாது.

நான் இப்ப டொராண்டோவில். ஒருநாள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அம்மம்மா, “கொஞ்சம் பொறு, கேள்” எண்டு போனை ஜன்னலுக்கு வெளியில் நீட்டினா. அங்கை இரவு. கனநேரம் ஒண்டும் இல்லை, ராப்பூச்சிச் சத்தம்தான். பிறகு ‘தொப்’ எண்டு ஒண்டு விழுந்தது. “கேட்டதே?” எண்டா. கேட்டது எண்டன். நான் அப்ப ரயிலுக்கு நிண்டுகொண்டிருந்தேன். வண்டியை விட்டிட்டு அடுத்த பழம் விழும்வரை நிண்டேன்.

தாமிரபரணிக்காரி

வைகைக்கரை, அது பொய்க் கணக்கில் வராது. அழகரையே கேட்டிருந்தாலும் பச்சை என்றுதான் சொல்லியிருப்பார்.

கும்பகோணத்துப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டுப் பேத்தி சொன்னதைப் படித்துவிட்டு நேற்றுச் செயலாளரிடம் போய்ச் சாவி வாங்கி வந்தேன். இரண்டு ஆழாக்கு அரிசி, பிழிவதும் மாடி ஏறுவதும் என் பொறுப்பு, உப்பு பார்ப்பது மட்டும் பாட்டி என்று பேச்சு. நாளைக்கு நாலு மணிக்கு அலாரம் வைக்கட்டுமா என்று கேட்டேன். பாட்டி பால்கனிக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தார்.

“நாளைக்கு வேண்டாம். மூட்டமா இருக்கு. நாளன்னிக்கு வை.”