டப்ளின் – பெல்ஃபாஸ்ட் ரூட்டில் கார் ஓட்டுறவங்க இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. தம்பி குடும்பம் டப்ளின்ல இருக்கு. அடுத்த மாசம் எல்லாரும் பெல்ஃபாஸ்ட் போறோம், வண்டி நான்தான் ஓட்டணும். அயர்லாந்து 2005லயே கிலோமீட்டருக்கு மாறிடுச்சு. எல்லை தாண்டி, பெல்ஃபாஸ்ட் இருக்கிற வட அயர்லாந்துக்குள்ள (அது பிரிட்டனோட சேர்ந்தது) போனா மைல். அங்க 50னு போர்டு இருந்தா 80 கிலோமீட்டர்! எச்சரிக்கை போர்டும் வேற. அயர்லாந்துல அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி மஞ்சள் டைமண்ட். வடக்குல பிரிட்டன் பாணி சிவப்பு விளிம்பு முக்கோணம்.

என் பெரிய கவலை, வெள்ளை வட்டத்துல கறுப்புச் சாய்கோடு மட்டும் போட்ட போர்டுதான். எண்ணே இருக்காது. வடக்குல நடுவுல தடுப்பு இல்லாத ரோட்டுல கார்களுக்கு அது 60 மைல். ஆனா குறுகலான கிராமத்து ரோட்டுல நிஜமா என்ன வேகத்துல போறீங்க? வாடகைக் கார் ஸ்பீடோமீட்டரை மைலுக்கு மாத்த முடியுமா? குழந்தைங்க கூட வர்றாங்க, ஓட்டின அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.