ஐசியூவில் அப்பாவுக்கு வந்த குழப்பம்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

கரூர்க்காரி

போன ஐப்பசியில் அப்பாவுக்கு நிமோனியா முற்றி, ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வயது 71. நாற்பது வருடம் தறி ஓட்டியவர். ஒருவழியாகக் குழாயை எடுத்தார்கள், இனி பயமில்லை என்றார்கள். அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் மாலை பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். உள்ளே போனால் அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "யாரும்மா நீ? நூல் அறுந்து போச்சு, தறிய நிறுத்தச் சொல்லு" என்றார். பக்கத்துப் படுக்கை வென்டிலேட்டர் சத்தம் அவருக்குத் தறிச் சத்தமாகக் கேட்டிருக்கிறது. அப்புறம், தன்னைக் கிணற்றில் இறக்கிவிட்டதாகச் சொல்லி அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஐசியூல இதெல்லாம் சகஜம்" என்று சொன்னார்களே தவிர, இது என்ன, ஏன் வருகிறது என்று யாரும் விளக்கவில்லை. தம்பி வராந்தாவில் உட்கார்ந்து, அப்பாவுக்கு மூளை போய்விட்டது என்று அழுதான். அத்தை மந்திரிக்க ஆள் கூட்டிவரக் கிளம்பிவிட்டார்.

நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர் ஒருவர்தான், "அப்பா கண்ணாடி போடுவாரா? காது நல்லா கேக்குமா?" என்று கேட்டார். அட்மிஷன் அன்று மோதிரம், அரைஞாண் கயிற்றோடு கண்ணாடியையும் காது மெஷினையும் கவரில் போட்டு எங்களிடமே கொடுத்திருந்தார்கள். அவை வீட்டு பீரோவில் கிடந்தன. கொண்டுபோய்க் கொடுத்தோம். சிஸ்டர் கட்டை அவிழ்த்துவிட்டு, "ஐயா, இன்னிக்குப் புதன்கிழமை. இது ஆஸ்பத்திரி. உங்க பொண்ணு வந்திருக்கு" என்று நிதானமாகச் சொன்னார். அதனால்தான் தெளிந்தாரா, தெளியும் நேரம் வந்துவிட்டதா, சொல்லத் தெரியாது. இரண்டு நாளில், "இதுவரைக்கும் எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டார். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

இரவுப்பணி செவிலியர்

அக்கா, பதினான்கு வருடமாக ஐசியூவில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்ததன் பெயர் டெலிரியம். பைத்தியமும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. நுரையீரல், சிறுநீரகம் போல மூளையும் அந்த நேரத்தில் தடுமாறுகிறது. கடும் நோய், கிருமித் தொற்று, தூக்கமின்மை, மயக்க மருந்து எல்லாம் சேர்ந்துதான் காரணம்.

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து வெஸ் ஈலி குழுவினர் 2001-இல் இதற்கென்று ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். குழாயோடு பேச முடியாமல் படுத்திருப்பவரிடமும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம். குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். "கல் தண்ணீரில் மிதக்குமா?", "கடலில் மீன் உண்டா?" என்றும் கேட்போம். கத்துகிற நோயாளியை எல்லோரும் கவனிப்பார்கள். கண்ணைத் திறந்தபடி சும்மா படுத்திருப்பவரைத்தான் தவறவிடுகிறோம். "பாவம், சாதுவான தாத்தா" என்று நான் நினைத்த எத்தனை பேர் உள்ளுக்குள் கிணற்றில் கிடந்தார்களோ.

2013-இல் அதே குழு 821 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில் 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. அது எத்தனை நாள் நீடித்ததோ, அந்த அளவுக்கு ஒரு வருடம் கழித்தும் நினைவாற்றலும் சிந்தனையும் மந்தமாக இருந்தன. அதனால்தான் "சகஜம்" என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் சீக்கிரம் தெளியும் என்று வெகுகாலம் நம்பினோம். 2018-இல் வந்த பெரிய ஆய்வில் அது டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்ப்பது வேறு கதை. 2000-இல் சிகாகோவில் 128 பேரிடம் செய்து பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது.

கையைக் கட்டுவது பற்றி: நானும் கட்டியிருக்கிறேன். குழாயைப் பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, ஒரே ஆள் மூன்று படுக்கையைப் பார்க்கும் இரவுகளில் வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மனசு வலித்திருக்கிறது.

ஈரோடு, 48 வயது

நான் படுக்கையில் கிடந்தவன். 2021 மே, கோவிட், பதினாறு நாள் குழாயில். என் சிறுநீரகத்தை விற்கப் போகிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். அந்தக் காட்சி இன்றைக்கும் நிஜமாக நடந்தது போலவே இருக்கிறது. "ராத்திரி தாண்டாது" என்று யாரோ சொன்னதும் நினைவிருக்கிறது, அது நிஜமா கனவா தெரியாது. நோயாளிக்குக் கேட்காது என்று நினைத்துப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கணக்கு மறந்தது, இரவில் அலறி எழுந்தேன். இப்படி உடம்பு, புத்தி, மனசு மூன்றும் சேர்ந்து பாதிக்கப்படுவதற்கு 2012-இல்தான் மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்.

என் மனைவியை உள்ளே விடவில்லை. தினமும் போனில் டாக்டர் சொன்னதை மகனின் கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். "இன்று ஆக்சிஜன் குறைத்தார்கள். உங்கள் மாடு கன்று போட்டது." அதைப் படித்துத்தான் தொலைந்த பதினாறு நாளை மீட்டேன். ஐரோப்பாவில் இப்படி நாட்குறிப்பு எழுதுவது பழக்கம். 2010-இல் 352 பேரிடம் நடந்த ஆய்வில், பட்ட அதிர்ச்சி திரும்பத் திரும்ப நினைவில் வந்து வாட்டும் மனநோய் (PTSD) புதிதாக வருவது 13 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2019-இல் பிரான்சில் 657 பேரிடம் செய்தபோது அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு உதவியது.

இரவுப்பணி செவிலியர்

பார்வை நேரம் பற்றி ஒன்று. பிரேசிலில் 36 ஐசியூக்களில் குடும்பத்தாரை 12 மணி நேரம் வரை கூட இருக்க விட்டுப் பார்த்தார்கள், 2019-இல் முடிவு வந்தது. டெலிரியம் குறையவில்லை. ஆனால் தொற்றும் கூடவில்லை, குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. உங்கள் தம்பி அழுத அந்த வராந்தாவுக்காகவாவது நம் ஊரில் கதவைத் திறக்க வேண்டும்.

கரூர்க்காரி

நேற்று அப்பாவிடம், "கல் தண்ணீல மிதக்குமாப்பா?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்றார். நீங்கள் எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கிணறு இன்னும் ராத்திரில வருது. சொன்னா பயந்துருவீங்கன்னு சொல்லல" என்றார். வெள்ளிக்கிழமை செக்கப்புக்குப் போகிறோம். இந்த முறை நெஞ்சு எக்ஸ்ரேயோடு கிணற்றைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லப் போகிறோம்.