வைரக்கல்லில் கத்தி தீட்டிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஈசூன் உறுப்பினர்:

வைரக்கல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். தாராளமாக வாங்குங்கள், ஆனால் அழுத்தித் தேய்க்காதீர்கள். எஃகுத் தகட்டின் மேல் செயற்கை வைரத் துகள்களை நிக்கல் பூச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அந்தக் கல். சாதாரணச் சாணைக்கல் தேயத் தேய உள்ளிருந்து புதுத் துகள் மேலே வரும். இதில் இருப்பது ஒரே அடுக்கு. முரட்டுத்தனமாக அழுத்தினால் துகள் பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் அடியில் வெறும் தகடுதான்.

வைரக்கல்லில் எப்படித் தீட்டுவது என்று எனக்குக் கண்ணெதிரே காட்டியவர் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இருக்கும் ஓர் அண்ணன். சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கிய உளிகளை இன்னும் பொன்போல வைத்திருக்கிறார். ஒரு நாள் எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தியைக் கொண்டுவரச் சொன்னார்.

கத்தியின் வாய் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசினார். கல்லில் சில துளி தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இரண்டு முறை இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். மை சற்று மேலே அழிந்திருந்தது. வாயை ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. “கோணம் தாழ்ந்திருக்கிறது தம்பி, கல் இன்னும் வாயைத் தொடவில்லை” என்றார். கத்தியின் முதுகை இம்மி அளவு உயர்த்தினார். அடுத்த இழுப்பில் மை நுனிவரை போய்விட்டது. சமையலறைக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி போதும். ஆனால் அந்த எண்ணைவிட, மை அழியும் இடம் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன்.

பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டு போகவைத்தார். ஓரத்தில் மெல்லிய பிசிறு விரலில் தட்டியது. பிசிறு எழும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். கரடான 400ஆம் எண் கல்லில் இதை முடித்து, துகள் நுண்ணிய 1000ஆம் எண் கல்லில் பூப்போலச் சில இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலும் சில இழுப்பு. தக்காளித் தோல் நசுங்காமல் அறுபட்டது. என் மனைவி மறுநாளே மீதிக் கத்திகளையும் எடுத்து வைத்துவிட்டார்!

பிடோக் உறுப்பினர்:

ஈசூன் அண்ணன் சொன்ன மை வைக்கும் முறை எனக்கும் கைகொடுக்கிறது. அரிவாள்மனை வைத்திருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வளைந்த அலகு தட்டையான கல்லில் சரியாகப் படியாது. வைரம் பூசிய கம்பிபோன்ற உருட்டு அரம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தஞ்சாவூரிலிருந்து அம்மா கொண்டுவந்த அரிவாள்மனை எங்கள் வீட்டில் பரண்மேல் கிடந்தது. அந்த அரத்தால்தான் இன்று மறுபடியும் மீன் நறுக்குகிறது. நம் சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தீட்டியதும் துடைத்து, உலரவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு வையுங்கள். எலும்பு வெட்டும் கத்தியை மட்டும் மெல்லியதாகத் தீட்டிவிடாதீர்கள், வாய் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

தோ பாயோ உறுப்பினர்:

தண்ணீரில் ஊறவைக்கும் கல் வைத்திருப்பவர்களும் வைரக்கல் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஊறும் கல் நடுவில் குழிந்துவிட்டால், மேலே பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைரக்கல்லில் தேய்த்துவிடுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. இன்னொன்று, புது வைரக்கல் முதலில் ஆழமாகக் கீறும். கல் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். துருத்திக்கொண்டிருக்கும் துகள்கள் கொஞ்சம் வேலை செய்ததும் அடங்கிவிடும். அதுவரை விலை உயர்ந்த கத்தியை அதில் வைக்காமல் பழைய கத்திகளையே தீட்டுங்கள்.