எம்பிஆர் டிஸ்க்கில் வின்டோஸ் 11 போக மறுக்கிறது: முழுதையும் அழிக்கத்தான் வேண்டுமா?

சாம்பல்தீவு டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். என் லப்டொப் 2019இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதே என்று 11ஐப் பென் டிரைவில் ஏற்றிப் பூட் பண்ணினேன். எந்தப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் எந்தப் பிரிவில் போடுவது என்று கேட்கும் திரை வரை ஒரு குறையும் இல்லை. அங்கே சி டிரைவைத் தெரிவு செய்தால் கீழே மஞ்சள் முக்கோணம் வருகிறது. இந்த டிஸ்க்கில் இருப்பது எம்பிஆர் அட்டவணை, இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி டிஸ்க்கில்தான் வின்டோஸ் போடலாம் என்கிறது. எம்பிஆரும் ஜிபிடியும் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகளாம். நெக்ஸ்ட் பொத்தான் மங்கிக் கிடக்கிறது.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். முழு டிஸ்க்கையும் அழித்தால்தான் சரிவரும் என்றார்கள். டி டிரைவில் பல வருடத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள். ஈ டிரைவில் குடும்பப் படங்கள். சி டிரைவில் பாமினி எழுத்துருக்களும், வினாத்தாள் தயாரிக்கும் சொஃப்ட்வெயார்களும். அழிக்காமல் வழி இல்லையா?

என்சி ரோட்டுக் கடை
டீச்சர், அந்தக் கடையில் சொன்னது சரி. நான் அந்தக் கடைக்காரன் இல்லை, ஆனால் அதே தொழில்தான். ஷிஃப்ட்டும் எஃப்10உம் அழுத்திக் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை எடுங்கள், டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து டிஸ்க்கைத் தெரிவு செய்து, எல்லாப் பிரிவையும் நீக்கும் கிளீன் கட்டளை கொடுங்கள், பிறகு கன்வேர்ட் ஜிபிடி. ஐந்து நிமிட வேலை. வேண்டியதை முதலில் வெளியே கொப்பி பண்ணிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: பென் டிரைவும் அந்தப் பட்டியலில் ஒரு டிஸ்க்காகத் தெரியும். இலக்கத்தை நம்பாமல் அளவைப் பாருங்கள்.

உவர்மலை ஊர்க்குருவி
அண்ணா, யார் என்ன கேட்டாலும் கிளீன் என்பதே உங்கள் கடைகளின் பதிலாகப் போய்விட்டது. அந்தச் செய்தி டிஸ்க்கைக் குறை சொல்லவில்லை. பென் டிரைவ் எந்த வழியால் பூட் ஆனது என்பதைத்தான் சொல்கிறது. பூட் மெனுவில் பெரும்பாலும் ஒரே பென் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும். கணினியை எழுப்பும் புது முறை அது, இஎஃப்ஐ என்பதும் அதுதான். அந்த வழியால் போனால் செட்டப் ஜிபிடி கேட்கும். மற்ற வழியால் போனால் எம்பிஆர் கேட்கும், ஜிபிடி டிஸ்க்கைக் கண்டால் இதே மாதிரி முகத்தைத் திருப்பும்.

டீச்சரின் பழைய வின்டோஸ் 10ஐ யாரோ லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டிருக்கிறார்கள். 2019 மெஷினுக்கு அது தேவையே இல்லாத வேலை. எம்பிஆர் 1983இல், வின்டோஸுக்கு முந்திய டொஸ் 2.0 காலத்தில் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு வரி எழுதலாம். ஜிபிடியில் வின்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை விடும், அட்டவணையின் பிரதி ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற மைக்ரோசொஃப்ட்டே கருவி தந்திருக்கிறது: எம்பிஆர்2ஜிபிடி. வின்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. டீச்சர், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கருவியை வேலிடேட், அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற இரண்டு சொற்களோடு இயக்கிப் பாருங்கள். அது சோதனை மட்டும்தான், எதையும் மாற்றாது.

என்சி ரோட்டுக் கடை
தம்பி, நீங்கள் சொல்வது உங்கள் சொந்த லப்டொப்புக்குச் சரி. எனக்கு வருவது யார் யாரோ கைவைத்த மெஷின்கள். உள்ளதை வைத்துக்கொண்டு மாற்றப் போய் ஏதாவது பிசகினால் படம் போனதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு டெஸ்க்டொப்பில் ஜிபார்ட்டெட் வைத்து டி டிரைவை நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பாதி டேட்டா பழைய இடத்தில், பாதி புது இடத்தில். பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து 2025 பெப்ரவரி 9இல் முழு நாடும் இருண்டதே, இப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு பார்ட்டிஷனை நகர்த்தச் சொல்லாதீர்கள்.

உவர்மலை ஊர்க்குருவி
நகர்த்துவது வேறு, இது வேறு. நகர்த்தும்போது ஒவ்வொரு பைட்டும் இடம் மாறும், மணிக்கணக்கில் ஓடும். எம்பிஆர்2ஜிபிடி உங்கள் கோப்புகளை இடம் மாற்றாது. அட்டவணையைப் புதிதாக எழுதும், பூட் பண்ணச் சின்னதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒதுக்கும். லப்டொப்பில் பற்றரி வேறு இருக்கிறது.

சாம்பல்தீவு டீச்சர்
இயக்கினேன். டிஸ்க் 0இன் அமைப்பு சோதனையில் தேறவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. டிஸ்க் மனேஜ்மென்ட்டில் பார்த்தால் முதலில் சிஸ்டம் ரிசேர்வ்ட், பிறகு சி. அதன் பிறகு பச்சைக் கோடு போட்ட ஒரு பெட்டி, அதற்குள் டியும் ஈயும்.

என்சி ரோட்டுக் கடை
பச்சைப் பெட்டி என்றால் எக்ஸ்டென்டெட், அட்டவணையின் ஒரே வரிக்குள் பல பிரிவுகளை அடக்கும் பெட்டி. அதற்குள் இருக்கும் டியும் ஈயும் லொஜிக்கல், வெளியே தனி வரியில் இருப்பவை பிரைமரி. எங்கள் ஊரில் பாதி மெஷின் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தக் கருவி இதை ஏற்காது. இப்போது சொல்லுங்கள் ஊர்க்குருவி.

உவர்மலை ஊர்க்குருவி
ஏற்காதுதான். லொஜிக்கல் ஒன்றும் இருக்கக்கூடாது, பிரைமரி மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் நிபந்தனை. லொஜிக்கலைப் பிரைமரியாக்கும் கருவிகளும் இருக்கின்றன.

என்சி ரோட்டுக் கடை
ஆக்கினால் சிஸ்டம் ரிசேர்வ்ட், சி, டி, ஈ. எண்ணிப் பாருங்கள், நான்கு. மறுபடியும் தேறாது.

நிலாவெளி பெங்குயின்
ஜிடிஸ்க் இருக்கிறதே! அது லொஜிக்கலையும் சேர்த்து ஜிபிடியாக மாற்றும். இல்லாவிட்டால் பூட் பென் தயாரிக்கும் ரூஃபஸில் வின்டோஸ் 11இன் சோதனைகளை நீக்கி பென் செய்து லெகசியிலேயே போடலாம். எல்லாவற்றையும் விட நல்லது, வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட். அது எம்பிஆரா ஜிபிடியா என்று சண்டையே பிடிக்காது.

உவர்மலை ஊர்க்குருவி
தம்பி, ஜிடிஸ்க் மாற்றிய பிறகு வின்டோஸ் தானாக எழும்பாது. இஎஃப்ஐ பார்ட்டிஷனை நாமே செய்து, பூட் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் ஓட்ட வேண்டும். டீச்சரை ஏன் அந்தக் காட்டுக்குள் அனுப்புகிறீர்கள்? ரூஃபஸ் வழியும் வேண்டாம். எட்டாம் தலைமுறை மெஷின், 11க்குத் தகுதியானது. முறையாகப் போகக்கூடியதைக் குறுக்கு வழியால் தள்ளினால் அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்பவும் இதே இடத்தில் நிற்போம். மின்ட்டைப் பொறுத்தவரை, வினாத்தாள் சொஃப்ட்வெயார் எல்லாம் வின்டோஸில் நிறுவியவை என்பது அவரின் முதல் பதிவிலேயே தெரிகிறது.

டீச்சர், என் வழி இது. டியையும் ஈயையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். அந்த இரண்டையும், பச்சைப் பெட்டியையும் நீக்குங்கள். மறுபடி வேலிடேட், தேறினால் கன்வேர்ட். பயோஸில், அதாவது வின்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையில், லெகசியை யூஈஎஃப்ஐ ஆக்குங்கள். அப்புறம் பென்னில் பூட் பண்ண வேண்டாம், வின்டோஸ் 10க்குள் இருந்தபடியே 11இன் செட்டப்பை இயக்குங்கள். சி டிரைவில் உள்ள சொஃப்ட்வெயார், எழுத்துரு எல்லாம் அப்படியே 11க்கு வரும். கடைக்கார அண்ணாவின் வழியில் இது நடக்காது.

என்சி ரோட்டுக் கடை
பார்த்தீர்களா, கடைசியில் நீங்களும் கொப்பி பண்ணச் சொல்கிறீர்கள், டியையும் ஈயையும் அழிக்கச் சொல்கிறீர்கள். மிஞ்சியது சி மட்டும். ஆறேழு வருடக் குப்பையை 11க்கும் சுமந்து போவதில் என்ன லாபம்? பாமினியா? வின்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் ஃபோல்டர், கொப்பி, பேஸ்ட்.

உவர்மலை ஊர்க்குருவி
எழுத்துருவைக் கொப்பி பண்ணலாம். நிறுவிய சொஃப்ட்வெயாரைப் பண்ண முடியாது. அதன் சிடி இப்போது எந்த அலுமாரியில் கிடக்கிறதோ! உங்களுக்குக் குப்பை, அவருக்கு அதுதான் மெஷின்.

கிண்ணியா நானா
இரண்டு பேரும் பாலத்தின் இரண்டு பக்கமும் நின்று கத்துவது போதும். ஒருவராவது அந்த டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டீர்களா? 2019 ஹார்ட் டிஸ்க், பையில் போட்டுத் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கும். டீச்சர், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டுப் பார்த்து, மேலே நீலமா மஞ்சளா என்று சொல்லுங்கள்.

அவசரமும் இல்லை. வின்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் எடுக்கப் பதிவு செய்யலாம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும்.

சாம்பல்தீவு டீச்சர்
மஞ்சள். கோஷன், எச்சரிக்கை என்று இருக்கிறது. பட்டியலில் சி5, கரண்ட் பென்டிங் செக்டர் என்ற வரிக்குப் பக்கத்திலும் மஞ்சள் பொட்டு.

கிண்ணியா நானா
அப்படியென்றால் கன்வேர்ட்டும் இல்லை, கிளீனும் இல்லை. டிஸ்க்கால் வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் வைத்திருக்கும் செக்டர்கள், டிஸ்க்கின் சின்னத் துண்டுகள் அவை. அதில் புது வின்டோஸ் போடுவது ஓட்டை வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி அதில் 11ஐப் போடுங்கள். புது டிஸ்க் வெறுமையாக இருக்கும், யூஈஎஃப்ஐயில் பூட் பண்ணினால் செட்டப் தானே ஜிபிடி ஆக்கிவிடும். பழையதை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

உவர்மலை ஊர்க்குருவி
நானா சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. காசைக் கொடுத்துக் கேள்வியைத் தாண்டிப் போகிறோம், அவ்வளவுதான். டிஸ்க் நீலமாக இருந்திருந்தால் என் வழிதான் சரி என்பதில் இன்னும் நிற்கிறேன். டீச்சர், எஸ்எஸ்டி வரும் வரைக்கும் வின்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஒரு தடவை ஓட்டினால் பழுதான இடங்களைக் குறித்துவைக்கும்.

என்சி ரோட்டுக் கடை
ஓட்டாதீர்கள்! டீச்சர், தயவு செய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்லாஷ் ஆர் முழு டிஸ்க்கையும் மூலை மூலையாக வாசிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த வாசிப்பிலேயே போய்விடும். மிஞ்சி இருந்தாலும், வாசிக்க முடியாத கோப்பைத் துண்டு துண்டாக்கி வைத்துவிட்டு திருத்திவிட்டேன் என்று சொல்லும். செக்டிஸ்க் பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கை, உங்கள் படங்களை அல்ல. கடையில் கிளீன் கிளீன் என்கிறோம் என்று சிரித்தீர்கள். கிளீன் கொடுத்தாலும் அட்டவணைதான் போகும், டேட்டா கிடக்கும், மேலே எதுவும் எழுதாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் வைத்து மீட்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் ஈ டிரைவ் படங்கள், அடுத்து டி. முழு டிஸ்க்கையும் குளோன் பண்ண, அதாவது அப்படியே பிரதி எடுக்கப் போகாதீர்கள், வெறும் இடத்தையெல்லாம் வாசிக்க விடுவது வீண். ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒரு படத்தில் நின்று திணறினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்பி வரலாம்.

நிலாவெளி பெங்குயின்
இதற்குத்தான் பழுதான டிஸ்க்கிலிருந்து கொப்பி எடுக்கும் டிடிரெஸ்கியூ. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, பழுதான பகுதிக்குப் பிறகு வரும். எங்கே விட்டது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். மின்ட் பென்னில் பூட் பண்ணினால் போதும், நிறுவத் தேவையில்லை.

என்சி ரோட்டுக் கடை
அது நல்ல சாமான்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மூலம் எது, இலக்கு எது என்று மாறிப் போட்டால் கதை முடிந்தது. முதல் தடவை கையாளுபவருக்குக் கொப்பி, பேஸ்ட் போதும்.

உவர்மலை ஊர்க்குருவி
சரி, செக்டிஸ்க் விஷயத்தில் அண்ணா சொல்வதைக் கேளுங்கள் டீச்சர். வேறொன்று: 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்தால், பெரும்பாலான லப்டொப்களில் சாவி இல்லாமல் திறக்காதபடி டிஸ்க்கைப் பூட்டும் குறியாக்கம் தானாக இயங்கிவிடும். மீட்புச் சாவியைக் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஒருநாள் தம்பி பெங்குயினின் பேச்சைக் கேட்டு மின்ட்டைப் பக்கத்தில் போட வெளிக்கிட்டால், மின்ட்டின் செட்டப்பால் அந்தப் பார்ட்டிஷனைச் சுருக்க முடியாமல் நிற்பீர்கள்.

சாம்பல்தீவு டீச்சர்
மகனின் வெளி டிஸ்க்கில் ஈ டிரைவைக் கொப்பி பண்ணத் தொடங்கிவிட்டேன். இதுவரை ஒரு படம்தான் நின்றது, தாண்டிவிட்டேன். எஸ்எஸ்டி வாங்கும்போது 2.5 அங்குலமா, சின்னப் பட்டை மாதிரி இருக்கிறதே அதுவா?

என்சி ரோட்டுக் கடை
பின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பட்டை செருகும் எம்.2 இடம் இருந்தால் அதில் சாட்டாவா என்விஎம்ஈயா, எந்த வகைப் பட்டை போகும் என்று மொடல் இலக்கத்தை வைத்துப் பாருங்கள். இடம் இருந்தால் பட்டை வாங்கலாம், ஆனால் 11 போடும்போது பழைய டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் செட்டப் எந்த டிஸ்க்கில் கைவைக்கும் என்று நீங்கள் காவல் இருக்க வேண்டி வரும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஒன்றிலும் வின்டோஸை மற்றதிலும் வைத்த மெஷின்கள் கடைக்கு வந்திருக்கின்றன. பழையதைக் கழற்றியதும் பூட் ஆகாது.

கிண்ணியா நானா
எம்.2 இடம் இல்லாவிட்டால் 2.5 அங்குலம்தான், அப்போது பழையது எப்படியும் வெளியே வந்துவிடும். மொடல் இலக்கத்தை இங்கேயே போடுங்கள் டீச்சர், பார்த்துச் சொல்கிறோம். கொப்பி முடியும் வரை லப்டொப்பை மேசையில் வைத்த இடத்திலேயே இருக்க விடுங்கள்.